முதல் எண்

1

இந்த வாரம் எங்கள் அலுவலகக் கணினி எனக்கு ஒரு வாழ்த்து அனுப்பியது. 'அன்புள்ள தவமணி, எங்களோடு பன்னிரண்டு ஆண்டுகளை நிறைவு செய்கிறீர்கள்' என்று தொடங்கி, பலூன் படமெல்லாம் போட்டிருந்தது. தவமணி என் அப்பா. குழித்துறையில் இருக்கிறார். மெல்போர்னில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்ட இடத்தில் அப்பா பெயரை எழுதியதிலிருந்து இங்கே நான் தவமணிதான். வேலையில் சேர்ந்த புதிதில் திருத்தச் சொல்லி எழுதினேன். திருத்தினார்கள். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் மறுபடியும் தவமணி வந்து உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஜெயா என்று கூப்பிட இப்போது என் கணவரும் ஊரில் நாலைந்து பேரும்தான் மிச்சம்.

அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; சார் என்பது எங்கள் ஊர் வாயில் சாறு ஆகும், ஊருக்கு அவர் இன்னும் சாறுதான். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். "மோளுக்கு அங்க என்ன வேலை சாறே?" என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

"ஆபீசுல கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்னா, ஆரு ஆருகிட்ட சொல்லணும்னு சொல்லுத வேலை."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் என் நியமன உத்தரவில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருப்பதும் அதைத்தான்.

ஒரே ஒருமுறை மூன்று மாதத்துக்கு இங்கே வந்திருந்தார். முதல் வாரம் டிராமைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டை பிடிக்கக்கூட ஒரு மனுசன் இல்லியே மக்ளே" என்றார். பையில் துணியை எடுத்துவைக்கத் தொடங்கியபோது திரும்பிப் போக இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தது.

2

என் வேலையில் பாடம் எடுப்பதும் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களை ஒரு அறையில் உட்காரவைத்து, கணினிச் சேவை என்றால் என்ன என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு சொற்கள் முக்கியம்: யுடிலிட்டி, வாரண்டி. ஒரு சேவை உனக்கு வேண்டியதைச் செய்கிறதா என்பது முதலாவது. அதுதான் பயன். நீ கேட்கும் நேரத்தில் இருக்குமா, எத்தனை பேர் கேட்டாலும் தாங்குமா, பத்திரமாக இருக்குமா, இடியே விழுந்தாலும் மறுபடி எழுந்து நிற்குமா என்பது இரண்டாவது. அதை நம்பகம் என்று வைத்துக்கொள்ளலாம். பயன் மட்டும் இருந்து நம்பகம் இல்லையென்றால் அவசரத்துக்குக் கைகொடுக்காது. நம்பகம் மட்டும் இருந்தால், ஒன்றுக்கும் உதவாத ஒன்று நாள் தவறாமல் வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அது சேவை.

இதை ஒருநாள் அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாரண்டின்னா மிக்சிக்கு குடுப்பாங்களே, அதுல்லா?"

"அது இல்லப்பா, இது வேற."

முழுக்கக் கேட்டார். "அப்பம் உபகாரம், ஒறப்பு. இந்த ரெண்டு வார்த்தைக்கா நாள் பூரா கிளாஸ் எடுக்கே?"

என் கணவர் தோவாளைக்காரர். எங்கள் பக்கத்துப் பேச்சில் பாதி மலையாளம் என்று எப்போதும் கேலி செய்வார். ஆனால் அன்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவர், "உங்கப்பா சொன்னதையே வகுப்புல சொல்லிரலாம் போலிருக்கே" என்றார். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது, உதாரணங்களை அடுக்கினார்.

"நம்ம மினி பஸ்சு உபகாரம், ஆனா ஒறப்பில்ல. நம்ம செல்லப்பன் இருக்காம்லா, அவன் ஒறப்பு. ஆனா காலணா உபகாரம் கெடையாது."

செல்லப்பன் மாமா அடுத்த வீட்டுக்காரர். அவர் வீட்டுச் சக்கை மரத்தின், பலாவைத்தான் சொல்கிறேன், ஒரு பெரிய கிளை மதிலைத் தாண்டி எங்கள் முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் சருகெல்லாம் எங்கள் முற்றத்தில்தான் விழும். தினமும் காலையில் அப்பா அதைப் பெருக்கி அள்ளி மதிலுக்கு மேலாக வீசுவார். மாமா அந்தப் பக்கம் நின்று ஏசுவார். அப்பா பதிலுக்கு ஏசுவார். பிறகு இரண்டு பேரும் அவரவர் வீட்டுக்குள் போய்ச் சாயா குடிப்பார்கள். அம்மா இருந்த காலத்திலேயே தொடங்கிய சண்டை இது. கிளையை வெட்டவும் மாட்டார்கள், சண்டையை விடவும் மாட்டார்கள்.

3

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு இரண்டு முறை தலை சுற்றியது. அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேடிப் பிடித்து ஒரு கருவி வாங்கி அனுப்பினேன். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், உள்ளே சிம் கார்டு. பொத்தானை அழுத்தினால் நாம் கொடுத்து வைத்திருக்கும் மூன்று எண்களை வரிசையாகக் கூப்பிடும். முதல் ஆள் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆள், அவரும் எடுக்காவிட்டால் மூன்றாவது. யாராவது எடுத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்பா அப்படியே அதில் பேசலாம்.

"மணி கெட்டித் தொங்கவிடுகதுக்கு நான் என்ன மாடா?" என்றார். ஆனாலும் சட்டைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு, 'மோளு அனுப்பினது' என்று ஜங்ஷன் வரை போய்க் காட்டிவிட்டு வந்தார்.

எண்களை இங்கிருந்தே என் கைப்பேசிச் செயலியில் நான்தான் பதிந்தேன். முதலில் என் எண். இரண்டாவது, நாகர்கோவிலில் வங்கியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன். மூன்றாவது செல்லப்பன் மாமா. முதல் எண் யாருடையது என்பதில் எனக்கு யோசனையே வரவில்லை. மகள் நான் இருக்கும்போது வேறு யார்?

சோதித்தும் பார்த்தோம். அவர் அழுத்தினார், நான் எடுத்தேன், இரண்டு பேரும் சிரித்தோம். எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. அலுவலகத்தில் அதைச் செய்யாமல் ஒரு சேவையையும் நான் வெளியே விடமாட்டேன். ஆனால் அப்பா கூப்பிடும்போது எடுக்காமல் இருந்து பார்ப்பதா? அப்படி ஒன்று மனதில் தோன்றவே இல்லை.

4

அன்றும் வகுப்பு. கைப்பேசியின் சத்தத்தை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். இங்கே மதியம் தாண்டியிருந்தது, ஊரில் காலை நேரம். நம்பகம் என்ற பகுதியைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, யாரோ இட்டுக்கட்டியது போலிருக்கும். ஆனால் அப்படித்தான் நடந்தது.

தேநீர் இடைவேளையில் கைப்பேசியைத் திருப்பினேன். இரண்டு குறுஞ்செய்திகள் வந்திருந்தன. இங்கே நாம் அழைப்பை எடுக்காவிட்டால் ஒரு பதிவுக் குரல் எடுத்து, பேச வேண்டியதைப் பேசச் சொல்லும். பேசினதை எழுத்தாக மாற்றி நமக்கு அனுப்பியும் வைக்கும். முதல் செய்தி இப்படி இருந்தது: 'மைக்கேல், நைன் விண்டோ. மைக்கேல். கூலி மர்ரே.' இரண்டாவது: 'இங்கிலீஷ் பேஸ் மைக்கேல். செல் அப்பன். செல் அப்பன்.'

கூப்பிட்ட எண் தெரியவில்லை. வெளிநாட்டு அழைப்புகள் பல நேரம் இப்படித்தான் முகமில்லாமல் வரும். ஆனால் உள்ளூர் வியாபார அழைப்புகளும் அப்படித்தான் வரும். யாரோ ஒரு மைக்கேல், ஒன்பது ஜன்னல், துடைக்கிற ஆள்களாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவரிடம் காட்டி, "யாருக்கோ ஜன்னல் துடைக்கணுமாம்" என்று சிரிக்கவும் செய்தேன். பிறகு உள்ளே போய் மிச்சப் பாடத்தை எடுத்தேன்.

வேலை முடிந்து டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது வாட்ஸப்பில் அழைப்பு வந்தது.

"ஜெயா மோளே, செல்லப்பன் பேசுதேன். பயப்படாண்டாம். சாறு குளிமுறியில வழுக்கி விழுந்து போச்சு. மார்த்தாண்டத்துல ஆஸ்பத்திரியில கெடக்காரு. பேச்செல்லாம் தெளிவாட்டு இருக்கு."

"எப்பம் மாமா?"

"காலத்த. சருகு வந்து விழல்ல மோளே. நானும் மதிலுகிட்டயே நின்னேன். இப்பம் ஏசுவாரு, இப்பம் ஏசுவாருன்னு நோக்கினேன். ஒரு சத்தமும் இல்ல. எனக்கு வெப்ராளமாச்சு. மதிலு ஏறிக் குதிச்சு, பொறவாசலத் தள்ளித் தொறந்துதான் உள்ள போனேன்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "பொத்தான அழுத்தலியா?" என்றுதான் கேட்டேன்.

"அழுத்தினேன்னுதான் சொல்லுகாரு. நீ எடுத்தியாம். இங்கிலீசுல என்னமோ சொன்னியாம்."

டிராம் வந்து நின்று, கதவைத் திறந்து மூடி, போய்விட்டது. நான் நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து பதிவைப் போட்டுக் கேட்டேன்.

முதலில் என் குரல். இங்கே வந்த புதிதில் ஒழுங்காக உச்சரிக்கவேண்டும் என்று கண்ணாடி முன் நின்று பழகிப் பதிந்தது. 'ஹாய், திஸ் இஸ் ஜெயா தவமணி' என்று தொடங்கும். அப்புறம் அப்பா. "மக்ளே. நான் விழுந்து. மக்ளே. குளிமுறி." அதன் பிறகு பேச்சில்லை. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் பதிவு தீரும் வரை இருந்தது. இரண்டாவது பதிவில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "இங்கிலீஷ்ல பேசாதே மக்ளே. எனக்கு ஒண்ணும் விளங்கல்ல. செல்லப்பன விளிச்சுச் சொல்லு. செல்லப்பன."

அந்தக் கருவிக்கு மனிதர் யார், பதிவுக் குரல் யார் என்ற பேதம் தெரியாது. அழைப்பு எடுக்கப்பட்டது என்று கணக்கு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த எண்ணுக்குப் போகவில்லை. நான் எடுக்காமலே எடுத்த கணக்கு ஆகிவிட்டது. அப்பா தரையில் கிடந்துகொண்டு, தன் மகள் தன்னிடம் ஏன் இங்கிலீஷ் பேசுகிறாள் என்று யோசித்திருக்கிறார். அதை நினைத்து நினைத்து டிராம் நிறுத்தத்தில், இத்தனை பேர் நடுவில் அழுதேன். இங்கே யாரும் என்னவென்று கேட்கமாட்டார்கள். அதுவும் அன்று நல்லதாகவே பட்டது.

வீட்டில் என் மகள் மெரினுக்கும் போட்டுக் காட்டினேன். இங்கேயே பிறந்தவள், பதின்மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு பேசச் சொன்னால் 'ஹவ் ஆர் யூ தாத்தா' என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் எழுந்து போய்விடுவாள். இரண்டு பதிவையும் கேட்டாள். அவளுக்குப் பிடிபட்டது 'இங்கிலீஷ்' என்ற ஒரே சொல். மிச்சத்தை நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"தாத்தா எப்பவும் மைக்கேல் மாதிரி ஒண்ணு சொல்வாரே, அப்ப அது பேர் இல்லையா?" என்று அவளும் இங்கிலீஷிலேயே கேட்டாள். அவளையும் அவர் மக்ளே என்றுதான் கூப்பிடுவார். இத்தனை வருடமும் அவள் அதை என்னவென்று நினைத்திருந்தாளோ. கேட்கப் பயந்து கேட்காமல் விட்டேன்.

5

இடுப்பெலும்பில் முறிவு. அறுவை செய்து ஆணி வைக்கவேண்டும் என்றார்கள். உடனே கிளம்புகிற பெண்ணாகத்தான் நான் என்னை நினைத்து வைத்திருந்தேன். ஆனால் பாஸ்போர்ட் என் கையில் இல்லை, புதுப்பிக்கப் போயிருந்தது. பாஸ்போர்ட் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். இதே வாசகத்தை எங்கள் அலுவலகத்துக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான். இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும்போதுதான் அது எப்படி எரிகிறது என்று தெரிகிறது.

கடைசியில் ஒரு பெண் வந்தார், மிக மரியாதையானவர். நெருங்கிய உறவினர் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அவசர வரிசையில் சேர்க்கலாம் என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கினேன். அந்த மருத்துவர் நேர்மையானவர். 'நோயாளி நலமாக இருக்கிறார், அறுவை சிகிச்சை வழக்கமானது' என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பா நலமாக இருப்பதில் மகிழ்ச்சி, தவமணி" என்றார். அப்பா சாகக் கிடக்கவில்லை, அதனால் எனக்கு அவசரமில்லை. வாதாடினால் எதை வேண்டிக்கொள்கிறேன் என்று ஆகும்?

ஆகவே கையில் இருந்ததைச் செய்தேன். உயர்த்தி இறக்கும் கட்டில், பிடித்து நடக்கும் வாக்கர், வழுக்காத பாய், குளிமுறிக்குக் கைப்பிடி, எல்லாம் இங்கிருந்தே ஆர்டர் போட்டேன். தினமும் ஏதாவது ஒன்று அப்பா வீட்டு வாசலில் போய் இறங்கியது. அதையெல்லாம் வாங்கி வைத்தது செல்லப்பன் மாமா. பிரித்துப் பொருத்தியது அவர். ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் அவர்தான். சித்தப்பா மகன் ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

"உபகாரத்துக்கு ஒரு கொறவும் இல்ல மக்ளே" என்றார் அப்பா, புதுக் கட்டிலில் படுத்துக்கொண்டு. குத்திச் சொல்லவில்லை. சந்தோசமாகத்தான் சொன்னார்.

இன்னொன்றும் செய்தேன். என் எண்ணிலிருந்து அந்தப் பதிவுக் குரலை எடுத்துவிடும்படி கைப்பேசிக் கம்பெனியைக் கேட்டேன். குடும்பப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள், அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். "பயனுள்ள சேவை அது, எதற்கு வேண்டாம் என்கிறீர்கள்?" என்று கேட்டான் அந்தப் பையன். "பயனுள்ளதுதான்" என்றேன். ஒருவழியாக எடுத்தார்கள்.

6

அப்பா இப்போது வாக்கரைப் பிடித்து முற்றம் வரை நடக்கிறார். குனிந்து பெருக்க முடியாது. அதனால் சருகு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது, செல்லப்பன் மாமா அதற்கும் ஏசுகிறார். போன சனிக்கிழமை அப்பா வீடியோவில் கூப்பிட்டார். மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொத்தான் கழுத்தில் தொங்கியது.

"மக்ளே, இதுல உன் நம்பர எடுத்துரு. செல்லப்பன முதல்ல போடு."

பதிவுக் குரலை எடுத்துவிட்ட விவரத்தைச் சொன்னேன். இனி நான் எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குத் தானாகப் போய்விடும், பயமில்லை என்று விளக்கினேன். வகுப்பில் எடுப்பதைவிடத் தெளிவாக விளக்கினேன்.

"அது செரி. அது அடிச்சுத் தீருகது வரைக்கும் நீ எடுப்பியா மாட்டியான்னு நான் தரையில கெடந்து நோக்கியிட்டு இருக்கணுமே."

"நான் எடுப்பேன்ப்பா."

"எடுத்தா என்ன செய்வே?"

"செல்லப்பன் மாமாவ விளிப்பேன்."

நான் சொன்னதை நானே கேட்பதற்கு அப்பா நேரம் கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

"மூணாவதாட்டாவது வைக்கட்டாப்பா?"

"எதுக்கு? நீ அங்க கெடந்து துடிக்கதுக்கா? எல்லாம் களிஞ்ச பொறவு நானே விளிச்சுச் சொல்லுதேன். சவத்த விடு மக்ளே. எடுத்துரு."

கோபமாகப் பேசியிருந்தால் நானும் கோபப்பட்டுச் சமாளித்திருப்பேன். அவர் கெஞ்சாமல், திட்டாமல், சரியானதைச் சொன்னார். எந்தக் கம்பெனி என்னிடம் வந்து கேட்டிருந்தாலும் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். நடுவில் தேவையில்லாத ஒரு ஆள் இருந்தால் எடுத்துவிடு என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அது நானாக இருக்கும்போது என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வீடியோவை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் செயலியைத் திறந்தேன். என் பெயருக்கு எதிரே 'மகள்' என்று நானே போட்டிருந்தேன். நீக்கு என்பதை அழுத்தினேன். 'இவருக்கு இனி அவசரத் தகவல் போகாது. உறுதியா?' என்று கேட்டது. இத்தனை வருடமும் இப்படிப்பட்ட கேள்விகளை எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன், ஒன்றையும் இவ்வளவு நேரம் படித்ததில்லை. பிறகு அழுத்தினேன். சித்தப்பா மகனைக் கீழே இறக்கினேன், செல்லப்பன் மாமா மேலே ஏறி முதல் இடத்துக்கு வந்தார்.

"ஆச்சுப்பா. ஒருக்கா அழுத்திப் பாருங்க."

அப்பா பொத்தானை அழுத்தினார். என் கையிலிருந்த கைப்பேசி சும்மா இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி அடிக்கத் தொடங்கி உடனே நின்றது.

"என்ன சாறே, பின்னயும் விழுந்தீரா?"

மாமாவின் குரல் மதிலுக்கு அப்பாலிருந்து ஒருமுறையும் பொத்தானிலிருந்து ஒருமுறையுமாக இரண்டு தடவை கேட்டது.

"இல்ல ஓய். மோளு டெஸ்டு பண்ணுகா."

அப்பா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தார். அவருக்கு அவ்வளவு நிம்மதி.

"கேட்டியா மக்ளே? எடுத்துட்டான்."

"கேட்டேன்ப்பா" என்றேன்.